சிலந்தி வந்தபோது ஆஷாடம்

நம் அலுவலகத்துக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, போன வாரம் உங்களில் ஒருவர் ஒரு வாடிக்கையாளரிடம் தொலைபேசியில், “சைட் இன்னைக்குப் போட்டாச்சு சார், நாளைக்குத் தேடினா வந்துரும்” என்று சொன்னது என் காதில் விழுந்தது. எனக்கு ஓய்வு கொடுத்து உட்கார வைத்துவிட்டீர்கள், சரி. என் காதுக்கு யாரும் ஓய்வு கொடுக்கவில்லை. சொன்னவர் பெயரை எழுத மாட்டேன். நீலச் சட்டைக்காரர் மட்டும் இதை இரண்டு தடவை படித்தால் போதும்.

புதிய இணையதளம் தேடுபொறியில் தெரிய ஏன் நாளாகிறது என்பதற்கு உங்கள் படிப்பில் பெரிய பெரிய சொற்கள் இருக்கும். எனக்கு அந்தச் சொற்கள் தெரியாது. ஆனால் மைசூரில் அந்தக் காத்திருப்பை முதன்முதலில் காத்திருந்தவன் நான்தான். இல்லை என்று சொல்ல யாராவது இருந்தால் வரட்டும், பேசிக்கொள்ளலாம்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், நீங்களாகக் கேட்க மாட்டீர்கள். கர்நாடக எல்லையோரம், ஹனூர் பக்கம் கௌதள்ளி என் ஊர். ஏழாம் வகுப்பில் கணக்கு வாத்தியாருக்கும் எனக்கும் ஒத்துவரவில்லை. அவர் அங்கேயே இருந்தார், நான் கட்டட வேலைக்கு மைசூர் வந்தேன். ஒரு நாள் கட்டிமுடித்த கடைக்குப் பெயர் எழுத வரவேண்டிய பெயிண்டர் வரவில்லை. முதலாளி கத்திக்கொண்டிருந்தார். நான் பிரஷ்ஷை எடுத்தேன். அதற்குப் பிறகு சிமெண்டுச் சட்டியைத் தொட்டதில்லை. கன்னடம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் எழுத்துகளை முத்து முத்தாக வரைவேன். ஆங்கிலத்தை வரைந்த பிறகு என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டால் கொஞ்சம் அவகாசம் கேட்பேன், அவ்வளவுதான்.

பிரஷ் போய் ஸ்டிக்கர் வெட்டும் இயந்திரம் வந்தது. அதை ஓட்டக் கம்ப்யூட்டர் வந்தது. தொண்ணூறுகளின் கடைசியில் கம்ப்யூட்டருக்குள் டெலிபோன் கம்பியைச் சொருகினால் வெளிநாடு தெரியும் என்றார்கள். போர்டு எழுதுகிற மற்றவர்கள் எல்லாம் தொழில் அழிந்தது என்று தலையில் கை வைத்தார்கள். நான் கேட்டேன், போர்டு சுவரில் தொங்கினால் என்ன, திரையில் தொங்கினால் என்ன? அக்ரஹாரத்தில் என் கடை வாசலில் “இங்கு இணையதளம் செய்து தரப்படும்” என்று என் கையாலேயே எழுதி மாட்டினேன். அதற்குப் பிறகுதான் எப்படிச் செய்வது என்று கற்றுக்கொண்டேன்.

அந்த போர்டைப் பார்த்துவிட்டுத்தான் வேதவல்லி அம்மாள் மொபெட்டை நிறுத்தினார்.

வேதவல்லி அம்மாள் அப்போதுதான் ஒரு அரசாங்க அலுவலகத்தில் சூப்பரிண்டெண்டாக இருந்து ஓய்வு பெற்றிருந்தார். பெருமாள் கோவில் ஊரான மேல்கோட்டை பூர்வீகம், வீட்டில் தமிழ், வெளியில் கன்னடம், கோபம் வந்தால் ஆங்கிலம். கணவர் காலமாகிவிட்டார். அக்ரஹாரத்திலேயே இரண்டு தெரு தள்ளிப் பழைய மாடி வீடு. வீடு கணவருக்கும் அவர் தம்பிக்கும் பொது. தம்பி சம்பத் பெங்களூரில் இருந்தார். வீட்டை இடித்து வணிக வளாகம் கட்ட ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார், சம்பத்துக்கும் அதில் மிகுந்த ஆசை. வேதவல்லி அம்மாளுக்கு அந்த வீட்டை விட்டால் வேறு இடம் இல்லை. இருந்தாலும் போகமாட்டார்.

மச்சினரும் மன்னியும் பேசி ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள். மாடியில் உள்ள நான்கு அறைகளை விருந்தினருக்கு விடுவது. அந்த தசராவுக்கு நான்கும் நிரம்பினால், விற்பதைப் பற்றிச் சம்பத் இனி வாயே திறக்க மாட்டார். நிரம்பாவிட்டால் அம்மாள் கையெழுத்துப் போட வேண்டும். கேட்டால் நியாயமாகத்தான் தெரிகிறது. சம்பத்தின் சாமர்த்தியம் எங்கே என்றால், வருஷா வருஷம் தசராவுக்கு அவரே குடும்பத்தோடு வந்து அந்த அறைகளில் ஒன்றில்தான் தங்குவார். அப்புறம் நான்கு எப்படி நிரம்பும்?

“வெளிநாட்டுக்காரா வரணும் மாதையா. அவாதான் முன்னாடியே எழுதிச் சொல்லிட்டு வருவா. இவன் வந்து நிக்கறச்சே எடம் இருக்கப்படாது” என்றார் அம்மாள்.

“தசராவுக்குள்ள உலகமே உங்க வூட்டப் பாக்குமுங்கம்மா” என்றேன் நான். இப்படிச் சொல்லக் கூடாது என்று நீங்கள் இப்போது நினைத்தீர்கள் அல்லவா? நீலச் சட்டைக்காரரும் நினைத்திருக்கட்டும்.

அப்போது ஆனி மாதம். தளத்துக்கு முகவரியைப் பதிவு செய்த அன்றே நான் ஒரு கெட்டிக்காரத்தனம் செய்தேன். அந்தக் காலத்துத் தேடுபொறிகளில், “உங்கள் தளத்தைச் சேர்க்க” என்று ஒரு மூலையில் இடம் இருக்கும். அங்கே முகவரியைக் கொடுத்துவிட்டால், சிலந்தி என்று நாங்கள் சொல்லும் ஒரு நிரல் தன் வரிசைப்படி என்றைக்காவது வந்து நம் பக்கத்தைப் படித்துக்கொண்டு போகும். படித்ததையும் உடனே காட்டாது. உலகமெல்லாம் படித்துச் சேர்த்ததை அடுக்கிப் பழைய அடுக்கை எடுத்துவிட்டுப் புதிய அடுக்கை மொத்தமாக வைக்கும்போதுதான் நம் பெயர் வெளியே தெரியும். ஒரு மாதமும் ஆகலாம், மூன்றும் ஆகலாம். தளம் தயாராகவே நாளாகும், அதற்குள் பஸ்ஸில் துண்டு போடுகிற மாதிரி ஓர் இடம் பிடித்து வைப்போமே என்று எல்லாத் தேடுபொறிகளிலும் அன்றைக்கே துண்டு போட்டுவிட்டேன்.

பக்கங்கள் வேகமாகத் தயாராயின. மாடி அறை, முற்றம், சமையல், மேல்கோட்டைக்குப் போகும் வழி எல்லாம் படத்தோடு. திறந்துவிடலாமா என்று கேட்டேன். அம்மாள் காலண்டரைப் பார்த்தார்.

“ஆஷாடம் பொறந்துடுத்தே. ஆஷாடத்துல யாராவது புதுசாத் தொறப்பாளோ?”

மைசூரில் இருக்கிறவர்களுக்கு இது தெரிந்ததுதான். ஆஷாடத்தில் கல்யாணம் கிடையாது, கிரகப்பிரவேசம் கிடையாது, சாமுண்டி மலையில் வெள்ளிக்கிழமைக் கூட்டம் மட்டும் உண்டு. சரி, ஒரு மாதம்தானே என்றேன். முடிந்த மறுநாளே திறந்துவிடலாம் என்று கிளம்பினேன். அம்மாள் மறுபடி காலண்டரைப் பார்த்தார்.

“இன்னும் நம்ம ஆடி இருக்கே.”

இதுதான் கர்நாடகத்துத் தமிழர்களின் விசேஷம். சந்திரன் கணக்கில் ஒரு கெட்ட மாதம், சூரியன் கணக்கில் இன்னொரு கெட்ட மாதம். சென்னைக்காரனுக்கு ஒன்று, கன்னடக்காரருக்கு ஒன்று, நமக்கு மட்டும் இரண்டு. நல்ல நாள் என்று வந்தால் இரண்டில் எது நமக்கு என்று சண்டை போடுவோம். கெட்ட நாளை மட்டும் இரண்டு பக்கமும் கேட்டு வாங்கிக்கொள்வோம்.

ஆக அந்த இரண்டு மாதமும் உள்ளே எல்லாப் பக்கங்களும் தயாராக இருக்க, முன்னால் மட்டும் திரை போட்ட மாதிரி ஒரு முகப்புப் பக்கம். திரையில் மேலே பெருமாள் படம். கீழே அம்மாளே எழுதிக் கொடுத்த ஆங்கில வாசகம். வாழ்நாள் முழுக்கச் சுற்றறிக்கை எழுதிய கை. அதன் பொருள் இது: “தற்போது ஆஷாட மாதம் நடைபெறுவதாலும், அதனைத் தொடர்ந்து ஆடி மாதம் வருவதாலும், மேற்படி மாதங்களில் புதிய காரியம் எதுவும் தொடங்கும் வழக்கமில்லை என்பதாலும், இவ்வில்லம் மூடப்பட்டுள்ளது. காலம் நன்றாகும்போது திறக்கப்படும். அதன் பின் வரவும்.” கீழே கடிதம் அனுப்ப என் கடையின் மின்னஞ்சல் முகவரி.

திரையில் ஒரு சின்ன வாசலாவது வைக்கலாம், உள்ளே போக ஓர் இணைப்பு கொடுக்கலாம் என்று நான் சொன்னேன். சிலந்தி இணைப்பைப் பிடித்துத்தான் நடக்கும், இணைப்பு இல்லாவிட்டால் உள்ளே இருக்கிற எதையும் அது அறியாது. அம்மாள் ஒப்பவில்லை. திறக்கிற நாளுக்கு முன் யாரும் உள்ளே கால் வைக்கக் கூடாது, எட்டுக் கால் உள்ளதும் சேர்த்து.

ஆவணியில் நல்ல நாள் பார்த்துத் திறந்தோம். அம்மாள் என் மானிட்டருக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, தேங்காயைக் கடை வாசலில் உடைத்தார். நான் திரையை எடுத்தேன். ஒவ்வொரு படமாகக் கோடு கோடாக இறங்கி வந்தது. அம்மாள் தன் வீட்டைத் தானே புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார். பிறகு தேடச் சொன்னார். தேடினோம். மைசூரில் தங்க இடம் என்று கேட்டால் எங்கெங்கோ உள்ள விடுதிகள் வந்தன. எங்கள் வீடு இல்லை.

“ஏன் வரலை?”

விளக்கினேன். நம் தெருவில் புதிதாக ஒரு வீடு கட்டினால் தபால்காரருக்குத் தானாகத் தெரியுமா? யாராவது சொல்ல வேண்டும், அவர் ஒரு தடவை வந்து பார்க்க வேண்டும், பிறகு அவர் மனதில் பதிய வேண்டும். இங்கே தபால்காரர் ஒருவர், தெருக்கள் உலகம் முழுக்க.

“அப்போ இதுவும் எங்க ஆபீஸ் மாதிரிதான். தபால் செக்‌ஷன்ல வாங்கிப்பா, நம்பர் போடுவா, அப்பறம் டேபிள் டேபிளா நகரும்” என்றார் அம்மாள். “நானே ஒரு ஃபைல் மேல ஒரு வருஷம் உக்காந்திருக்கேன். அந்த மனுஷன் டீ வாங்கிக் குடுத்தான், அப்பறம்தான் எழுந்தேன்.”

“இங்க டீ வாங்கிக் குடுக்கலாம்னா குடிக்க ஆளே இல்லீங்களே அம்மா.”

அவர் சிரிக்கவில்லை. யோசித்தார். அந்த யோசனையை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

ஒரு வாரம் கழித்து, தெருமுனையில் புதிதாகத் திறந்த பிரவுசிங் சென்டர்காரர் என்னைப் பார்த்து, உங்கள் அம்மாள் தினமும் வருகிறார்களே, நல்ல வாடிக்கை என்று நன்றி சொன்னார். போய்ப் பார்த்தால், வேதவல்லி அம்மாள் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒற்றை விரலால் எல்லாத் தேடுபொறிகளிலும் வீட்டுத் தளத்தின் முகவரியைக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். காலையில் ஒரு முறை, கோவிலுக்குப் போய்த் திரும்பும்போது ஒரு முறை.

“என்னங்கம்மா இது?”

“ரிமைண்டர். ரிமைண்டர் போடாம எந்த ஃபைலாவது நகர்ந்திருக்கா?”

விசைப்பலகையை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். ஒரே முகவரியைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் இது தொந்தரவுப் பேர்வழி என்று வரிசையின் கடைசிக்குத் தள்ளிவிடுவார்கள், சில சமயம் அடியோடு ஒதுக்கிவிடுவார்கள் என்று அப்போது எங்கள் தொழிலில் பேச்சு. எல்லா இடத்திலும் உண்மையோ இல்லையோ, சோதித்துப் பார்க்க வேறு யாராவது வீட்டை எடுத்துக்கொள்ளலாம், இந்த வீட்டை அல்ல. அம்மாளுக்குப் புரிகிற மாதிரி சொன்னேன். உங்கள் டேபிளுக்கு ஒரே ஆள் காலையிலும் மாலையிலும் வந்து ரிமைண்டர் கொடுத்தால் அவன் ஃபைலை மேலே வைப்பீர்களா, கீழே வைப்பீர்களா?

அம்மாள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடித்தார். பிறகு மெதுவாக, “அடியில வெப்பேன். அடியிலன்னா, பீரோவுக்கு அடியில” என்றார்.

அன்றோடு ரிமைண்டர் நின்றது. சிலந்தி எப்போது வரும் என்ற பேச்சு நிற்கவில்லை. “ஆத்துக்குச் சிலந்தி வரணும்னு காத்துண்டிருக்கற ஒரே மனுஷி நான்தான். நித்யம் ஒட்டடை அடிக்கறவள் நான்” என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

பிள்ளைகளே, இந்த இடத்தில் ஒரு விஷயம். வாடிக்கையாளர் சும்மா இருக்க மாட்டார். அவர் காத்திருக்கும் நாட்களில் கைக்கு ஏதாவது வேலை கொடுங்கள், இல்லாவிட்டால் அவரே தேடிக்கொள்வார். நான் அம்மாளிடம் மேல்கோட்டையைப் பற்றித் தெரிந்ததெல்லாம் எழுதித் தரச் சொன்னேன். தளத்துக்கும் உதவும், பிரவுசிங் சென்டருக்கும் போகமாட்டார்.

தசராவுக்குச் சில வாரங்களே இருந்தபோது சம்பத் பெங்களூரிலிருந்து வந்தார். வீட்டைப் பார்க்க என்று சொன்னார், வளாகம் கட்டுகிறவரையும் பஸ் ஸ்டாண்டிலிருந்து கூட்டிக்கொண்டே வந்திருந்தார். அம்மாள் அவர்களை நேராக என் கடைக்கு அழைத்து வந்துவிட்டார். என் தளத்தின் அழகைப் பார்த்து மச்சினர் வாயடைத்துப் போவார் என்று எண்ணம். எனக்கும் அதே எண்ணம்தான், மறுப்பானேன். படங்களைக் காட்டினேன். சம்பத் தலையாட்டினார். பிறகு, “எல்லாம் பேஷா இருக்கு. தேடினா வர்றதோ?” என்றார்.

தேடினேன். வந்தது.

முதல் தடவையாக வந்தது. பெயர் இருந்தது, ஊர் இருந்தது. அதன் கீழே, தேடுபொறி எப்போதும் காட்டுகிற இரண்டு வரிச் சுருக்கம்: “தற்போது ஆஷாட மாதம் நடைபெறுவதாலும், அதனைத் தொடர்ந்து ஆடி மாதம் வருவதாலும், இவ்வில்லம் மூடப்பட்டுள்ளது.”

நடந்தது இதுதான். மூன்று மாதம் ஆகும் என்று நான் நினைத்த சிலந்தி, ஆஷாடத்திலேயே வந்துவிட்டுப் போயிருக்கிறது. உலகத்தில் ஒரு காரியம் நேரத்துக்கு முன்னால் நடந்தது அந்த ஒன்றுதான். வந்து பார்த்தால் திரை. உள்ளே போக வாசல் இல்லை. திரையில் எழுதியிருந்ததைப் படித்துக்கொண்டு போய், பத்திரமாக அடுக்கி, ஆடியெல்லாம் முடிந்து நாங்கள் தேங்காய் உடைத்துத் திறந்த பிறகு நிதானமாக வெளியே வைத்திருக்கிறது. மறுபடி எப்போது வரும்? அதற்கும் அதே வரிசைதான்.

சம்பத் சிரித்த சிரிப்பில் என் ஸ்டிக்கர் இயந்திரம் ஆடியது. “மன்னி, ஆத்துக்குப் பூட்டுப் போடறவாளைப் பாத்திருக்கேன். லோகம் பூராவும் போய்ச் சொல்லிப் பூட்டுப் போட்டவா நீங்கோ ஒருத்தர்தான்.” வளாகம் கட்டுகிறவர் கன்னடத்தில் என்ன என்ன என்று கேட்க, அவருக்கும் மொழிபெயர்த்துச் சொல்லி மறுபடி சிரித்தார்கள்.

அவர்கள் போன பிறகு அம்மாள் நாற்காலியில் உட்கார்ந்தார். என் கடையில் அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அதுவே முதல் தடவை. எப்போதும் மொபெட்டை விட்டு இறங்கி நின்றபடியே பேசுகிறவர்.

“இந்த அட்ரஸே வேண்டாம் மாதையா. ராசி கெட்டுப்போச்சு. வேற பேர் வாங்கு, வேற அட்ரஸ் வாங்கு. எல்லாத்தையும் அங்க மாத்திடு.”

எத்தனையோ வருஷம் இந்தத் தொழிலில் இருந்திருக்கிறேன். அந்த அரை மணி நேரம் மாதிரி ஒன்று இன்னொரு தடவை வரவில்லை. அவர் சொன்னபடி செய்தால் அந்த நிமிஷம் அவர் மனம் ஆறும். எனக்கும் புது வேலை. ஆனால் புது முகவரி என்றால் புதுக் குழந்தை. மறுபடி துண்டு போட வேண்டும், மறுபடி வரிசை, தசரா முடிந்து தீபாவளியும் போய்விடும். இந்த முகவரிக்கு என்ன குறை இருந்தாலும், தேடுபொறிக்குத் தெரிந்த முகவரி. தப்பாகத் தெரிந்தாலும் தெரிந்ததுதான். என் அனுபவத்தில் போர்டில் பெயரைத் தப்பாக எழுதினால் கடையை இடிக்க மாட்டார்கள்.

“மாத்த மாட்டனுங்க” என்றேன்.

“என் ஆத்து விஷயம். என் சைட். நான் சொல்றேன்.”

“சரிங்க. ஆனா அத மாத்தறதுக்கு வேற ஆளப் பாத்துக்கோங்க. என் கையால உங்க வூட்ட இடிக்க மாட்டேன்.”

அவர் என்னைப் பார்த்த பார்வையில் ஒரு காலத்தில் எத்தனை குமாஸ்தாக்கள் நடுங்கியிருப்பார்கள் என்று தெரிந்தது. நானும் நடுங்கினேன், வெளியே காட்டவில்லை. கடைசியில் என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டார். ஒன்றும் செய்யப் போவதில்லை என்றேன். அது முழு உண்மை இல்லை. முகப்புப் பக்கத்தில் மேலே, இல்லம் திறந்தாயிற்று, சுத்தமான அறை, வெந்நீர் என்று எல்லாரும் எழுதுவதை எழுதினேன். அடியில் அந்த ஆஷாட வாசகத்தை மறுபடி அப்படியே போட்டேன். தேடிப் படித்துவிட்டு வருகிறவனுக்குத் தான் படித்தது கண்ணில் படவேண்டும், இல்லையென்றால் வழி தவறிவிட்டோம் என்று திரும்பிவிடுவான். போர்டு எழுதுகிறவனுக்குத்தான் இது தெரியும்.

அதற்குப் பிறகு நான் தினமும் காலையில் டெலிபோன் கம்பியைச் சொருகி, அது கீச்சுக் கீச்சென்று கத்தி முடிப்பதற்குள் சாமி கும்பிட்டுவிட்டு, மின்னஞ்சல் பார்ப்பேன். ஸ்டிக்கர் கேட்டு வரும், கடன்காரன் கேட்டு வருவான், வீடு கேட்டு யாரும் வரமாட்டார்கள். ஒரு நாள் வந்தது. நார்வேயிலிருந்து, இங்ரிட் என்ற ஒரு பெண். என் ஆங்கிலத்துக்கு அவகாசம் கொடுத்துப் படித்தேன்.

அவர் ஒரு பல்கலைக்கழகத்தில் நாள் கணக்கு, பஞ்சாங்கம் இவற்றை ஆராய்கிறவர். ஆஷாடம் என்ற சொல்லைத் தேடுபொறியில் போட்டுப் பார்த்திருக்கிறார். உலகத்திலேயே ஆஷாடத்துக்காக மூடிய விடுதி என்று ஒன்றுதான் வந்ததாம். அதிலும் ஒன்றல்ல, இரண்டு மாதத்துக்காக. ஏன் இரண்டு? ஒன்றைத் தொடர்ந்து இன்னொன்று எப்படி வரும்? இதை எழுதியவரை நேரில் பார்த்துப் பேச முடியுமா? நீங்கள் குறிப்பிட்டுள்ள நல்ல காலம் எப்போது தொடங்குகிறது?

அதை அச்சடித்து எடுத்துக்கொண்டு ஓடினேன். அம்மாள் படித்தார், இரண்டாம் முறை நின்றுகொண்டு படித்தார். பிறகு எழுதினார் பாருங்கள் ஒரு பதில். சந்திரன் கணக்கு, சூரியன் கணக்கு, மேல்கோட்டையில் அவர் மாமனார் வீட்டில் இதற்காக நடந்த சண்டை, பஞ்சாங்கம் கணிக்கிற பண்டிதர்கள் யார் யார், எல்லாம். பத்தி பத்தியாக, மேற்படி, மேற்கண்ட, மேலும் என்று. நான் அதைத் தட்டி அனுப்புவதற்குள் கை வலித்துவிட்டது. கடைசி வரி மட்டும் என் சொந்தச் சரக்கு: நல்ல காலம் தொடங்கிவிட்டது, தசராவுக்கு அறை இருக்கிறது.

இங்ரிட் அந்தப் பதிலைத் தன் பல்கலைக்கழகப் பக்கத்திலேயே போட்டார். “சந்திரனுக்காகவும் சூரியனுக்காகவும் பூட்டிய வீடு” என்று தலைப்புக் கொடுத்து, எங்கள் தளத்துக்கு ஓர் இணைப்பும் வைத்தார். அதன் மதிப்பு அம்மாளுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். பல்கலைக்கழகம் என்பது சிலந்தி அடிக்கடி போய்வருகிற பெரிய வீடு. அங்கிருந்து ஒரு வாசல் நம் வீட்டுக்குத் திறந்தால் அது நடந்தே வந்துவிடும். அம்மாள் போட்ட அத்தனை ரிமைண்டரும் செய்யாததை அந்த ஒரு வரி செய்யும். ஆனால் சிலந்திக்கு முன்னால் மனிதர்கள் வந்தார்கள். அதே துறையில் இன்னும் மூன்று பேர் எழுதினார்கள். நான்கு பேர், தனித்தனி அறை வேண்டும், தசரா பார்த்துவிட்டு மேல்கோட்டை பஸ் ஏறுவோம் என்று.

தசராவுக்கு முதல் நாள் சம்பத் மனைவி மக்களோடு டாக்ஸியில் வந்து இறங்கினார். நான் அப்போது தற்செயலாக அங்கே இருந்தேன். தற்செயல் என்றால், காலையிலிருந்து அங்கேதான் இருந்தேன். பெட்டிகளோடு மாடிப்படியில் கால் வைத்தவரை அம்மாள் கீழே நின்றபடி கூப்பிட்டார்.

“சம்பத், மேல எடமில்லை.”

“என்ன மன்னி, விளையாடறேளா?”

“விளையாட்டில்லை. நாலும் ஃபுல். ஹால்ல ஜமக்காளம் போட்டிருக்கேன், படுத்துக்கலாம். காலம்பற ஆறு மணிக்குள்ள எழுந்துக்கணும், கெஸ்டெல்லாம் காபி குடிக்க அங்கதான் வருவா.”

சம்பத் மேலே பார்த்தார். மாடிக் கம்பியில் நார்வே ஈரத் துணிகள் காய்ந்துகொண்டிருந்தன. வேறு விடுதி பார்க்கப் போனார், தசராவுக்கு மைசூரில் அறை கேட்டுப் போனவர் எப்படித் திரும்புவாரோ அப்படித் திரும்பினார். ஹாலில்தான் படுத்தார். வாக்கு என்றால் வாக்கு, அந்த மனிதர் அதற்குப் பிறகு விற்பதைப் பற்றிப் பேசவில்லை. அடுத்த வருஷத்திலிருந்து தனக்கு ஓர் அறை வேண்டும் என்று முன்கூட்டியே எழுதுவார். வரிசைப்படி பரிசீலிக்கப்படும் என்று அம்மாள் பதில் போடுவார்.

நீங்கள் கேட்பீர்கள், சிலந்தி என்ன ஆயிற்று என்று. வந்தது. பல்கலைக்கழக வாசல் வழியாக வந்து, எல்லா அறையிலும் நுழைந்து பார்த்து, ஒழுங்காகப் படித்துக்கொண்டு போய், தசரா விளக்கெல்லாம் கழற்றி முடித்த பிறகு தேடுபொறியில் புதிதாக வைத்தது. பார்த்தேன். பெயர், ஊர், “இல்லம் திறந்துள்ளது, சுத்தமான அறைகள், வெந்நீர்.” எனக்கு ஒரே பெருமை. ஓடிப்போய் அம்மாளிடம் சொன்னேன். அவர் மொபெட்டில் வந்தார், பார்த்தார், மேலும் கீழும் இருந்த மற்ற விடுதிகளையும் பார்த்தார். எல்லாவற்றிலும் சுத்தமான அறைகள், எல்லாவற்றிலும் வெந்நீர்.

“மாதையா,” என்றார், “அந்தப் பழசு நன்னா இருந்துது. அதையே திரும்பக் கொண்டு வரமுடியுமா?”

“கொண்டு வரலாமுங்க. ஆனா நாளாகும்.”

“எத்தனை நாள்?”

“அவங்க வந்து பாக்கோணும், படிக்கோணும், அடுக்கோணும். எப்படியும் அடுத்த ஆஷாடம் ஆயிருமுங்க.”

அம்மாள் கொஞ்சம் யோசித்தார். “அப்போ சரியாத்தான் இருக்கும்” என்று சொல்லிவிட்டு மொபெட்டைக் கிளப்பினார்.